ஆம்புலன்ஸை நிறுத்தியவள்

நள்ளிரவில் பாலத்தின் விளக்குகள் அணைகின்றன. திரும்ப எரியும்போது சாலையின் நடுவே, சரியாக எல்லைக்கோட்டின் மேல், ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. ஸ்வீடனின் மால்மோ நகரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருகிறாள். எதிர்க்கரையான கோபன்ஹேகனிலிருந்து ஓர் ஆண் அதிகாரி வருகிறான். செத்தவள் ஸ்வீடன்காரி, கேஸை நீயே எடுத்துக்கொள் என்று அவன் சந்தோஷமாக விட்டுக்கொடுக்கிறான். அந்த நேரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. உள்ளே இதய நோயாளி, கூடவே அவருடைய மனைவி. வழி விடச் சொல்லிக் கெஞ்சுகிறார். பெண் அதிகாரி முடியாது என்கிறாள், தடயம் கெட்டுப்போகும். ஆண் அதிகாரி ஆம்புலன்ஸைப் போகவிடுகிறான். உன்மேல் புகார் எழுதுவேன் என்று அவன் முகத்துக்கு நேராகவே அவள் சொல்கிறாள். குரலில் கோபம் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்கிறாள்.

2011இல் ஒளிபரப்பான ஸ்வீடன்-டென்மார்க் கூட்டுத் தொடர் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஸ்வீடிஷ் மொழியில் 'ப்ரோன்', டேனிஷ் மொழியில் 'ப்ரோயன்'. இரண்டுக்கும் ஒரே அர்த்தம், பாலம். தலைப்பிலேயே இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஹான்ஸ் ரோசன்ஃபெல்ட் உருவாக்கிய இத்தொடர் 2011, 2013, 2015, 2018 என நான்கு பருவங்கள் வந்தது. சாகா நொரேனாக சோஃபியா ஹெலின், மார்ட்டின் ரோடேயாக கிம் போட்னியா. இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: முடிவுகளைச் சொல்லாமல் இதைப்பற்றி எழுத முடியாது. நான் எழுத வந்ததே இரண்டாம் பருவத்தின் முடிவைப் பற்றித்தான்.

இத்தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, நார்டிக் நாடுகளின் ஒத்துழைப்புக்கு இது ஓர் உருவகம். இரண்டு, மனிதர்களிடம் பழகத் தெரியாத சாகா, மார்ட்டினின் நட்பால் கொஞ்சம் கொஞ்சமாக மனுஷியாகிறாள். முதல் தடவை பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இரண்டுமே பாதி உண்மை என்று தோன்றுகிறது. ஒத்துழைப்பும் நட்பும் ஒன்றே என்று நினைப்பதால் வரும் குழப்பம் அது. அந்த இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைத்தான் தொடர் காட்டுகிறது. ஆம்புலன்ஸ் காட்சியிலேயே காட்டிவிடுகிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

*

நான் பொறியாளன். கதைக்கு முன்னால் பாலத்தைப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் பாலத்தைப் பற்றி.

ஓரேசுண்ட் நீரிணையைக் கடக்கும் இந்த இணைப்பு சுமார் 16 கிலோமீட்டர். ஆனால் பாலம் அதில் பாதிதான், 7,845 மீட்டர். மீதி, கடலில் மண் கொட்டி உண்டாக்கிய சுமார் 4 கிலோமீட்டர் நீளத் தீவும், அதிலிருந்து டென்மார்க் கரைக்குப் போகும் சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கமும். முழுக்கப் பாலமாகவே கட்டாததற்குக் காரணம் இருக்கிறது. கோபன்ஹேகன் விமான நிலையம் கரையை ஒட்டியே இருக்கிறது. 204 மீட்டர் உயரத் தூண்களை அதன் பக்கத்தில் நிறுத்த முடியாது. கப்பல் பாதையையும் மறிக்கக்கூடாது. அதற்கும் மேலே ஒரு நிபந்தனை: பால்டிக் கடலுக்குள் போகும் உப்புநீரின் அளவு இந்தக் கட்டுமானத்தால் மாறவே கூடாது. பாலமும் தீவும் அடைத்த அளவுக்கு ஈடாகக் கடலடியைத் தோண்டினார்கள். தீவின் பெயர் பெபர்ஹோல்ம், அதாவது மிளகுத் தீவு. பக்கத்தில் ஏற்கெனவே சால்ட்ஹோல்ம், உப்புத் தீவு, இருந்ததால் இந்தப் பெயர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரயில் விஷயம். பாலத்தின் மேல்தளத்தில் வாகனம், கீழ்த்தளத்தில் ரயில். ஸ்வீடன் ரயில் மின்சாரம் 15 கிலோவோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். டென்மார்க்கில் 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்வீடனில் ரயில் இடப்பக்கத் தண்டவாளத்தில் போகும், டென்மார்க்கில் வலப்பக்கம். இரண்டு நாடும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு மின்சாரத்திலும் ஓடும் ரயில்களை வாங்கினார்கள். பாலத்தின் மேல் டேனிஷ் மின்சாரம், ஸ்வீடன் கரையை ஒட்டி அது மாறும். பக்கமும் ஸ்வீடன் பக்கத்தில் மாறும். உள்ளே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

1991இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. 1995இல் வேலை ஆரம்பம். 1999 ஆகஸ்டில் இரண்டு பக்கமிருந்தும் வந்த பாலம் சேர்ந்தபோது, டென்மார்க் இளவரசர் ஃப்ரெடெரிக்கும் ஸ்வீடன் இளவரசி விக்டோரியாவும் நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். 2000 ஜூலை 1இல் திறப்பு. உரிமை ஆளுக்குப் பாதி. கடனுக்கு இரு அரசுகளும் உத்தரவாதம், கட்டணம் வசூலித்துக் கடனை அடைப்பது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இதில் எங்கேயும் நட்பு இல்லை. ஒப்பந்தம் இருக்கிறது, அளவு இருக்கிறது, யார் எவ்வளவு போடுவது என்கிற கணக்கு இருக்கிறது. நல்ல ஒத்துழைப்பு என்பது இதுதான். ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறதா என்கிற கேள்வியே எழாதபடி எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவது. சாகா அப்படிப்பட்டவள். அவளே ஒரு பாலம் மாதிரி. ஒப்பந்தத்தில் எழுதியதை எழுதியபடி தாங்குவாள். ஆம்புலன்ஸ் வந்தாலும் சரி.

*

இந்த நீரிணைக்கு இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. இன்று மால்மோ இருக்கும் ஸ்கோனே பகுதி 1658 ரொஸ்கில்ட உடன்படிக்கை வரை டென்மார்க்குடையது. இந்த இரண்டு நாடும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டவை. ஐரோப்பாவில் இவர்கள் அளவுக்கு அடித்துக்கொண்ட அண்டை வீட்டார் குறைவு. இன்று பாஸ்போர்ட் இல்லாமல் போய்வருகிறார்கள் என்றால் அது 1950களில் நார்டிக் நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடு.

அதற்கும் முன்னால், 1943 அக்டோபர். நாஜிகளின் பிடியில் இருந்த டென்மார்க்கில் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. சில வாரங்களுக்குள் 7,000க்கும் மேற்பட்டவர்கள் மீன்பிடிப் படகுகளில் இதே நீரிணையைத் தாண்டி ஸ்வீடனுக்குப் போய்விட்டார்கள். ஒளித்துவைத்த வீட்டார், மருத்துவர்கள், படகோட்டிகள் எல்லோரும் ஆக்கிரமிப்பாளரின் சட்டத்தை மீறியவர்கள். படகோட்டிகள் பலர் காசு வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார்கள் என்பதும் உண்மை. அதனால் என்ன, ஏற்றினார்கள். அந்த இரவுகளில் டென்மார்க் கரையில் தேவைப்பட்டது மார்ட்டின்கள்தான், தடுப்பை விலக்கி ஆம்புலன்ஸைப் போகவிடுகிறவர்கள். ஆனால் எதிர்க்கரையில், வருகிற எல்லோரையும் ஏற்றுக்கொள்வோம் என்று ஸ்வீடன் அரசு வெளிப்படையாக அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு இல்லாமல் படகு போய்ச் சேர்வதற்கு இடமில்லை. ஒரு கரையில் விதியை உடைத்தவர்களும் மறுகரையில் ஒரு விதியும் சேர்ந்ததால்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள்.

தொடர் இந்த வரலாற்றைத் தொடுவதில்லை. ஆனால் ரோசன்ஃபெல்ட் எழுதிய ஜோடியின் அடியில் இது ஓடிக்கொண்டிருக்கிறது என்றே படுகிறது. ஒருத்தி விதி, இன்னொருவன் விலக்கு. இருவரும் தத்தம் மொழியில்தான் பேசுகிறார்கள். அவள் ஸ்வீடிஷில் கேட்பாள், அவன் டேனிஷில் பதில் சொல்வான். எழுத்தில் இரண்டும் நெருக்கம், பேச்சில் டேனிஷ்காரர் பாதியை விழுங்கிவிடுவார். மலேசியாவின் மலாயும் இந்தோனேசிய மொழியும் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். புரியும், ஆனால் புரிந்துவிட்டது என்று நினைக்கும்போது சறுக்கும். நமக்குத் துணைவசனத்தில் எல்லாம் ஒரே மொழியாக வந்துவிடுவதால் இந்தச் சறுக்கல் தெரிவதில்லை. காதைக் கொடுத்துக் கேட்டால் தெரியும்.

*

இப்போது முடிவுக்கு வருகிறேன்.

முதல் பருவத்தில் கொலைகாரன் சமூக அநீதிகளைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறான். வீடற்றவர்கள், மனநோயாளிகள், குழந்தைத் தொழிலாளர்கள். கடைசியில் பார்த்தால் அவன் மார்ட்டினின் முன்னாள் நண்பன் யென்ஸ், செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த போலீஸ்காரன். மார்ட்டின் அவன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்தான். அவளும் மகனும் அதே பாலத்தில் விபத்தில் இறந்தார்கள். அதற்குப் பழியாக யென்ஸ் மார்ட்டினின் மகன் ஆகஸ்டைக் கொல்கிறான். பாலத்தின் மேல் யென்ஸைச் சுட மார்ட்டின் துப்பாக்கியை நீட்டும்போது, சாகா மார்ட்டினைச் சுட்டுத் தடுக்கிறாள். நண்பனைக் கொலைகாரனாக விடாமல் காப்பாற்ற நண்பனையே சுடுவது.

இந்த இடத்தில் எனக்குத் தொடர்மேல் ஒரு குறை உண்டு. அத்தனை சமூகப் பிரச்சினைகளையும் மேஜையில் பரப்பிவிட்டுக் கடைசியில் ஒரு கள்ளத்தொடர்பில் கொண்டுபோய் முடிப்பது கதைக்காரரின் சௌகரியம். வீடற்றவர்களைப் பற்றிய கேள்வி அப்படியே தொங்குகிறது. ஆனால் இதற்குள் வேறொன்று நடந்துவிடுகிறது. விதியை விலக்கும் கை எல்லா நேரமும் ஆம்புலன்ஸுக்காக மட்டும் விலக்காது என்று தெரிகிறது. நாம் ரசித்த அதே மார்ட்டினின் தளர்வுதான் நண்பன் மனைவியிடமும் போயிருக்கிறது.

இரண்டாம் பருவத்தில் ஒரு கப்பல் ஆளில்லாமல் வந்து பாலத்தில் மோதுகிறது. மார்ட்டின் உடைந்துபோய்த் திரும்பி வருகிறான். சாகா அவனுக்குத் துணையாக இருக்கக் கற்றுக்கொள்கிறாள், புத்தகம் படித்துப் பரீட்சைக்குத் தயாராவது போல. அவளுக்கு இருக்கும் ஒரே நண்பன் அவன். பருவத்தின் கடைசியில் யென்ஸ் சிறையில் விஷத்தால் செத்துக்கிடக்கிறான். தற்கொலை என்று விட்டுவிடலாம். யாருக்கும் அந்தச் சாவில் வருத்தமில்லை. சாகா மட்டும் கணக்குப் போடுகிறாள். மார்ட்டின்தான் என்று தெரிகிறது. அவளே சொல்லிவிடுகிறாள். அவனைக் கொண்டுபோகிறார்கள்.

அன்றைக்கு நான் லேப்டாப்பை மூடிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கதை சோகமாக முடிந்தது என்பதற்காக இல்லை.

*

இரண்டு வருடத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு கட்டுமானத் தளத்தில் ஓர் அண்ணன் இருந்தார். மாசாய்க்காரர். விடிகாலை நாலரைக்கு பைக்கை எடுத்து, கடற்பாலம் தாண்டி, ஏழு மணிக்கு சைட்டில் நிற்பார். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்து வந்த எனக்கு, ஒரு போல்ட்டைச் சத்தத்தை வைத்தே சொல்லக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். "தம்பி, டிராயிங்கைப் பார்க்காத, இரும்பைப் பாரு" என்பார். மதியம் சாப்பாட்டில் பாதி எனக்கு வரும். நான் சிங்கப்பூர்க்காரன், அவர் மலேசியர் என்கிற நினைப்பு எங்களுக்குள் ஃபுட்பால் பேசும்போது மட்டும்தான் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். தற்காலிகமாக நிறுத்திய ஓர் இரும்பு மேடை, 64 போல்ட். ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சோதித்து, அளவை எழுதி, பெயிண்ட் கோடு போட வேண்டும். தாளில் 64 அளவும் இருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் கோடு பாதியில்தான் இருந்தது. அவர் கிளம்பிப் போய் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனார்: "பாப்பாவுக்குக் காய்ச்சல்டா. ஜாம் பிடிக்கிறதுக்குள்ள தாண்டணும். மிச்சம் இருந்தா காலையில முதல் வேலையா பாத்துக்கிறேன்." நைட் ஷிஃப்ட் ஆட்கள் எட்டு மணிக்கு அந்த மேடையில் ஏறுவார்கள்.

நான் பொறுப்பாளரிடம் சொன்னேன். மேடையை மூடினார்கள். சோதித்தபோது 11 போல்ட் தளர்ந்திருந்தது. நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அடுத்த வாரம் அவருடைய வேலை போனது. வேலை போனால் பெர்மிட்டும் போகும். சாமான்களை எடுத்துக்கொள்ள வந்தவர் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்: "ஒரு போன் போட்டிருக்கலாம்ல தம்பி?"

அவரிடம் நான் பேசவே இல்லை. அவருக்குப் போன் பண்ணித் திட்டியிருக்கலாம். திரும்பி வா என்று சொல்லியிருக்கலாம். அவர் வராவிட்டாலும் சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். எதையும் செய்யவில்லை. பாரத்தில் பெயரை எழுதுவது சுலபமாக இருந்தது. ஆம்புலன்ஸ் காட்சியைத் திரும்பப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சாகா கல்நெஞ்சக்காரி என்று சொல்கிறோம். ஆனால் அவள் மார்ட்டினின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள், உன்மேல் புகார் எழுதுவேன் என்று. நான் அதைக்கூடச் செய்யவில்லை. நான் சாகாவும் இல்லை, மார்ட்டினும் இல்லை.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரம் வைத்திருக்கிறார். நட்பு என்ற அதிகாரத்தில், நண்பன் எல்லை மீறும்போது முன்னால் போய் இடித்துரைப்பதை நட்பின் நோக்கமாகச் சொல்கிறார். இரண்டு அதிகாரம் தள்ளி, பழைமை என்ற அதிகாரத்தில், உரிமையோடு நண்பர் செய்துவிடும் பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். பள்ளியில் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தோம். ஒரே ஆள்மேல் ஒரே ராத்திரியில் இரண்டையும் எப்படிச் செய்வது என்று அப்போது யோசித்ததில்லை. இடித்துரைப்பதற்கும் புகார் எழுதுவதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நண்பனின் முகம் இருக்கிறது. விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடலாம். சாகாவைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது இதைத்தான், பலரும் சொல்வதற்கு நேர் எதிராக: அவள் குதிப்பதில்லை. தெரிந்தே, தனக்கு இருக்கும் ஒரே நட்பு போகும் என்று தெரிந்தே, அந்த இடத்தில் நிற்கிறாள்.

*

ஆனால் தொடர் பார்க்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. யார் விலை கொடுக்கிறார்கள்?

ஓரேசுண்ட் பாலத்தை வேலைக்காகத் தினமும் கடப்பவர்களில் பெரும்பாலானோர் ஸ்வீடன் பக்கம் குடியிருந்து டென்மார்க்கில் வேலை பார்ப்பவர்கள். அங்கே சம்பளம் அதிகம், இங்கே வீடு மலிவு. ஜோகூர் பாருவில் இருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தக் காலைநேர ரயில் பயணி நாற்பதுக்குச் சற்றுக் குறைந்த அத்தியாயங்களில் கதையின் மையத்துக்கு வருவதே இல்லை. பாலம் போலீஸுக்கும் கொலைகாரனுக்கும் உரியதாக இருக்கிறது. ஒத்துழைப்பின் நன்மை எல்லோருக்கும் பொது, அது அறுந்தால் விழும் அடி பொது அல்ல என்பது அந்தப் பயணிக்குத்தான் தெரியும்.

நிஜத்தில் அதுவும் நடந்தது. 2015 இலையுதிர் காலத்தில் மூன்றாம் பருவம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே, அகதிகள் வருகையைக் காரணம் காட்டி நவம்பர் 12 அன்று ஸ்வீடன் எல்லைச் சோதனையைத் தொடங்கியது. 2016 ஜனவரி 4 முதல் ஸ்வீடனுக்கு ரயில் ஏறும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் கோபன்ஹேகன் விமான நிலைய ஸ்டேஷனில் பார்த்தார்கள். 2017 மே வரை அது நீடித்தது. அரை நூற்றாண்டாக யாரும் கேட்காத அட்டை. 2018இல் வந்த நான்காம் பருவம் இதைத் தொட முயல்கிறது. டென்மார்க்கின் குடிநுழைவுத் துறைத் தலைவி கல்லால் அடித்துக் கொல்லப்படுவதில் அது ஆரம்பிக்கிறது. ஆனால் கதை மறுபடியும் தனிமனிதப் பழிவாங்கலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, முதல் பருவத்தில் செய்ததைப் போலவே.

முதல் காட்சியின் பலமே அந்தக் கோடு மறந்துபோன கோடு என்பதில்தான் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் கவனிக்காமல் தாண்டும் கோட்டை ஓர் உடலை வைத்துக் கண்ணுக்குத் தெரியவைக்கிறான் கொலைகாரன். இதனால்தான் இந்தக் கதையை வேறு எல்லைக்குக் கொண்டுபோகும்போது அது வேறு கதையாகிவிடுகிறது. 2013இல் அமெரிக்கர்கள் எல் பாசோவுக்கும் சியுடாட் ஹுவாரெஸுக்கும் நடுவே எடுத்தார்கள். அங்கே கோடு ஏற்கெனவே வேலியாக நிற்கிறது. அதே ஆண்டில் இங்கிலாந்தும் பிரான்ஸும் கடலடிச் சுரங்கத்துக்குள் எடுத்தன. 2018இல் நம்முடைய முறை வந்தது. துவாஸ் இரண்டாம் கடற்பாலத்தின் நடுவில் உடல். மலேசிய அதிகாரி மெகாட் ஜமிலாக புரோன்ட் பாலாராயே, சிங்கப்பூர் அதிகாரி செரீனா தியோவாக ரெபெக்கா லிம்.

புரோன்ட் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனாலும் முதல் காட்சி எனக்கு எடுபடவில்லை. நம்முடைய கோட்டை யார் மறந்தார்கள்? இரண்டு முனையிலும் பாஸ்போர்ட், கைரேகை, வரிசை. அந்தக் கோட்டை நினைவுபடுத்த ஓர் உடல் தேவையில்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போதும். நம் கதையை நம் கோட்டிலிருந்து ஆரம்பித்திருந்தால் அது பைக் வரிசையில் ஆரம்பித்திருக்கும், நாலரை மணி இருட்டில், முன்னால் நிற்பவரின் ஹெல்மெட்டில் பட்டுத் திரும்பும் சிவப்பு விளக்கில். 2020 மார்ச் 14இல் டென்மார்க் தன் எல்லையை மூடியது. நான்கு நாள் கழித்து, மார்ச் 18இல், நம் பக்கமும் நின்றுபோனது. நம் தரைவழி முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு கிலோமீட்டர் தண்ணீருக்கு இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் பிள்ளைகளுமாக எத்தனை பேர் இருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதை யாராவது எழுத வேண்டும். தழுவலாக இல்லாமல், நம் கதையாக.

*

மூன்றாம் பருவத்தில் மார்ட்டின் இல்லை. சிறையில் இருக்கிறான். கிம் போட்னியா தொடரை விட்டு விலகியதால் வந்த கட்டாயம் அது, ஆனால் கதைக்கு அது நல்லதாகவே அமைந்தது. புதிதாக வரும் டேனிஷ் பெண் அதிகாரி ஹன்னேவுக்குச் சாகாவைக் கண்டாலே ஆகாது. மார்ட்டினைக் காட்டிக்கொடுத்தவள் என்கிற ஒரே காரணம். இரண்டு நாட்டுப் போலீஸும் சேர்ந்து வேலை செய்கிறது, கோப்புகள் பாலம் கடந்து போய்வருகின்றன, ஒத்துழைப்பில் குறையே இல்லை. சாகாவோடு சாப்பிட மட்டும் ஆளில்லை. ஒத்துழைப்பும் நட்பும் பிரிந்து நிற்பதை இதைவிடத் தெளிவாக இந்தத் தொடர் எங்கும் சொல்லவில்லை. ஹென்ரிக் வந்து அந்தத் தனிமையில் கொஞ்சம் இடம் பிடிப்பது பிறகுதான்.

நான்கு பருவமும் சாகா போனை எடுத்தால் ஒரே வாக்கியம்தான். சாகா நொரேன், மாவட்டக் குற்றப்பிரிவு, மால்மோ. தூக்கத்தில் எழுப்பினாலும் அதுதான் வரும். கடைசிக் காட்சியில் அவள் தன் பழைய போர்ஷே காரைப் பாலத்தின் மேல் நிறுத்துகிறாள். போலீஸ் அட்டையைக் கடலில் எறிகிறாள். போன் அடிக்கிறது. சாகா நொரேன் என்கிறாள். அதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

பலர் இதை விடுதலை என்று எழுதினார்கள். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமான இடமாகத் தெரியவில்லை. விதியைக் கீழே போட்டுவிட்டால் மார்ட்டின் திரும்பி வந்துவிடுவானா? ஆனால் இனிமேல் யாரிடம் என்ன சொன்னாலும் அவள் பெயரில்தான் சொல்ல வேண்டும். பின்னால் நிற்க மாவட்டக் குற்றப்பிரிவு இல்லை.

அண்ணனின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. மலேசிய நம்பர், மாறியிருக்கலாம். இந்தக் கட்டுரையை எழுதும் இந்த வாரத்தில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். 11 போல்ட் தளர்ந்திருந்தது, அதில் மாற்றமில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் எப்போது சரியானது என்று மட்டும் நான் கேட்கவே இல்லை.